ஒன்பது வெற்றி, கைக்கு வராத ஒரு நாற்காலி: மல்லிகார்ஜுன கார்கே

2023 மே 14 அன்று பெங்களூரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் கர்நாடகக் காங்கிரஸின் புது எம்.எல்.ஏ.க்கள் கூடினார்கள். கட்சி 135 இடங்களில் ஜெயித்திருந்தது. முதல்வர் சித்தராமையாவா, டி.கே. சிவகுமாரா என்பது மட்டும்தான் பாக்கி. கூட்டம் ஒரு தீர்மானம் போட்டுக் கலைந்தது: யார் முதல்வர் என்பதை அகில இந்தியத் தலைவரே முடிவு செய்யட்டும். அந்தத் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே. 1999, 2004, 2013 என்று மூன்று முறை அதே நாற்காலிக்கு அவர் பெயர் அடிபட்டது. மூன்று முறையும் அது வேறொருவருக்குப் போனது.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொள்வது ஒரே கேள்வி. கார்கே ஒரு தலித். 1972 முதல் 2008 வரை தொடர்ந்து ஒன்பது சட்டமன்றத் தேர்தல்களில் ஜெயித்தவர். கல்வி, ஊரக வளர்ச்சி, வருவாய், தொழில், உள்துறை, போக்குவரத்து, நீர்வளம் என்று துறை துறையாகப் பார்த்தவர். இரண்டு முறை எதிர்க்கட்சித் தலைவர், ஒரு முறை கட்சியின் மாநிலத் தலைவர். இவர் ஏன் ஒரு நாள்கூட முதல்வராகவில்லை? பெங்களூரில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நம்பர் இல்லை சார். லிங்காயத்து, ஒக்கலிகர் தயவு இல்லாம இங்க யார் சி.எம். ஆக முடியும்?" மாநிலத்தின் இரண்டு பெரிய சாதிகளைத்தான் சொல்கிறார்கள். ஆண்டுகளையும் பெயர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

என்னைப் போன்ற பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று தமிழ்நாட்டு வாசகர்கள் கேட்கலாம். வடாற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து கன்டோன்மென்ட் வேலைக்கும் மில் வேலைக்கும் இங்கே வந்தவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். கோலார் தங்க வயல் கதையும் அதுதான். கர்நாடகத்தின் பட்டியல் சாதிகளில் ஆதி திராவிடர் என்ற பெயர் இருப்பது இந்த மக்களுக்கும் சேர்த்துத்தான். பின்னி மில், மினர்வா மில் காலத்து ஆட்கள் இன்னும் இருக்கும் பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் கார்கே பேச்சு வந்தால், அது யாரோ வடக்கு மாவட்டத்துக்காரர் கதையாக முடியாது. மில் தொழிலாளி வீட்டுப் பையன், வக்கீல், தொழிற்சங்கம், அம்பேத்கர் வழி என்று எல்லாமே அவர்களுக்குத் தெரிந்த உலகம்.

தொடக்கம்

1942 ஜூலை 21-இல் பீதர் மாவட்டம், பால்கி தாலுகா, வரவட்டி என்ற ஊரில் பிறந்தவர். அப்போது அது நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானம். சமஸ்தானம் இந்தியாவோடு சேரும் முன், நிஜாமை ஆதரித்த ஆயுதக் கும்பலான ரஜாக்கர்கள் நடத்திய கலவரத்தில் அவர்கள் வீடு எரிக்கப்பட்டது. தாயும் சகோதரியும் அதில் செத்துப்போனார்கள். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு அப்பா மாப்பண்ணா தப்பினார். அப்புறம் குல்பர்கா வந்து எம்.எஸ்.கே. மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தக் கதையைக் கார்கே மேடைகளில் அதிகம் சொல்லிக்கொண்டதில்லை. மகன் பிரியாங்க் சொல்லித்தான் பின்னாளில் பலருக்குத் தெரிந்தது. அதை வாக்காக மாற்ற அவர் முயன்றதில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். அவருடைய குணத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

குல்பர்காவிலேயே பள்ளி, கல்லூரி, சட்டப்படிப்பு. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சிவராஜ் பாட்டீலிடம் ஜூனியராகத் தொழில் கற்றார். 1969-இல் அப்பா வேலை பார்த்த அதே எம்.எஸ்.கே. மில்லின் தொழிலாளர் சங்கத்துக்குச் சட்ட ஆலோசகரானார். அதே ஆண்டு காங்கிரஸில் சேர்ந்து நகரக் கமிட்டித் தலைவரானார். 1972-இல் குர்மித்கல் தொகுதியில் ஜெயித்துச் சட்டமன்றம் போனபோது வயது 29.

தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்த காலம் அது. 1974-இல் நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம், பிற்பட்டோருக்கு ஹாவனூர் கமிஷன் என்று கர்நாடகத்தின் அடித்தட்டு அசைந்த நேரம். இளம் எம்.எல்.ஏ. கார்கே வளர்ந்தது அந்தப் பள்ளியில்தான்.

ஆனால் அதே அர்ஸ் அமைச்சரவையிலிருந்துதான் இன்னொரு பாடமும் கிடைத்தது. பி. பசவலிங்கப்பா என்ற தலித் அமைச்சர், கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி மாட்டுத் தீவனம் என்ற பொருளில் 1973 நவம்பரில் பேசிவிட்டார். மாநிலமே கொந்தளித்தது. தலித் மாணவர்கள் அடிபட்டார்கள், பசவலிங்கப்பா பதவி இழந்தார். மனிதக் கழிவைத் தலையில் சுமக்கும் வழக்கத்துக்குத் தடை போட்டவர் அவர். தலித் சங்கர்ஷ சமிதி என்ற பெரிய இயக்கம் அந்தச் சூட்டிலிருந்துதான் பிறந்தது. கார்கே அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் அளந்து பேசியதற்கு இந்த நிகழ்ச்சிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தத் தலைமுறைத் தலித் அரசியல்வாதிகளில் அதை மறந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

பதினாறாயிரம் வாத்தியார்கள்

1976-இல் தொடக்கக் கல்விக்கான இணை அமைச்சரானார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாக வந்துபோகும் காரியம் ஒன்று அப்போது நடந்தது. நிரப்பாமல் கிடந்த பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர் இடங்கள் 16,000-க்கு மேல் நேரடி நியமனத்தில் நிரப்பப்பட்டன.

இட ஒதுக்கீடு காகிதத்தில் இருக்கும். தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பு எழுதி இடத்தைக் காலியாக விடுவார்கள். அடுத்த ஆண்டும் அதே குறிப்பு. இப்படிச் சேர்ந்துகொண்டே போகும் இடங்களுக்குத்தான் பேக்லாக் என்று பெயர். ஓர் இணை அமைச்சர் அதைத் தோண்டி எடுத்து, ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மாதச் சம்பளத்தை அனுப்பினால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மினர்வா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மச்சினி முறைப் பெண் ஒருத்திக்கு அந்தச் சமயம் கோலார் பக்கத்தில் டீச்சர் வேலை கிடைத்தது.

"முதல் ரெண்டு மாசச் சம்பளத்துல என்ன பண்ணுச்சு தெரியுமா தம்பி? சேட்டுக் கடையில கிடந்த அவங்கம்மா தோட்டை மீட்டுச்சு. மூணாவது மாசத்துல இருந்து தம்பியப் படிக்க வெச்சுச்சு. அந்தத் தம்பி பேங்க்ல மேனேஜரா ரிட்டயர் ஆனான்."

"அப்ப மந்திரி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"அப்போ தெரியாது. கார்கேன்னு பின்னால பேப்பர்ல பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டோம்."

நன்மை வீடு வரை போகும், செய்தவர் பெயர் போகாது. கார்கேயின் அரசியல் முழுக்க இந்தக் குணம் உண்டு. 1980-இல் குண்டுராவ் அமைச்சரவையில் வருவாய்த் துறை வந்தபோதும் இப்படித்தான். குத்தகை விவசாயிக்கு நிலவுரிமை தரும் சட்டம் அர்ஸ் காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் மனுக்கள் தீர்ப்பாயங்களில் தூங்கின. நானூறுக்கு மேற்பட்ட நிலத் தீர்ப்பாயங்களை முடுக்கிவிட்டு உரிமை மாற்றத்தை விரைவுபடுத்தியது அவர் துறை. சட்டம் கொண்டுவந்த அர்ஸை நாடு நினைவு வைத்திருக்கிறது. அதை ஓட வைத்தவரைக் குல்பர்காவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது.

1983-லும் 1985-லும் ஜனதா அலை, ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சி. 1994-இல் காங்கிரஸ் 34 இடங்களுக்குச் சுருண்டது. அந்த மூன்று தேர்தல்களிலும் குர்மித்கல் கார்கேயிடமே இருந்தது. நடுவில் பங்காரப்பா, வீரப்ப மொய்லி அமைச்சரவைகளில் இருந்தார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும், 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்கள் மீது நடந்த வன்முறை பங்காரப்பா ஆட்சியில் நடந்தது. உள்துறை கார்கேயிடம் இல்லை. ஆனால் அந்த அமைச்சரவையில் அவரும் ஒருவர்.

1999: முதல் நழுவல், பிறகு உள்துறை

1996 முதல் 1999 வரை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கார்கே. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர், கட்சி ஜெயித்தால் முதல்வராவது எழுதாத வழக்கம். ஆனால் தேர்தல் நெருங்கும் நேரத்தில் எஸ்.எம். கிருஷ்ணா மாநிலத் தலைவராக வந்து, பாஞ்சஜன்ய யாத்திரை என்று பஸ்ஸில் மாநிலம் சுற்றினார். கட்சிக்கு 132 இடம். அக்டோபரில் கிருஷ்ணா முதல்வர். 2025 ஜூலையில் விஜயபுராவில் ஒரு விழாவில் கார்கே இதைப் பேசினார். ஐந்து ஆண்டு தான் உழைத்ததையும், சில மாதம் முன்னால் வந்தவர் முதல்வரானதையும், தன் உழைப்பெல்லாம் தண்ணீரில் போனதையும் சொன்னார். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த வலி ஆறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் அதை அடக்கி வைத்திருந்தார் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணா அமைச்சரவையில் அவருக்கு உள்துறை கிடைத்தது. ஓர் ஆண்டு முடிவதற்குள் வந்தது 2000 ஜூலை 30 இரவு. தாளவாடி அருகே காஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான்.

அந்த நாட்களைப் பெங்களூரில் வாழ்ந்த தமிழர் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை ஊரே ஷட்டர் இழுத்துவிட்டது. கேபிளில் தமிழ்ச் சேனல்கள் நின்றன, தியேட்டர்களில் தமிழ்ப் படம் நின்றது. எங்கள் தெரு முனையில் இருந்த டெய்லர், கடைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் கோதுமை மாவு மூட்டைச் சாக்கைக் கிழித்து ஆணி அடித்தார். நான்கு மூலையிலும் அடித்துவிட்டு, காற்றில் தூக்காமல் இருக்க நடுவிலும் ஓர் ஆணி அடித்தார். பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளிடம் தமிழில் பேசாதே என்று அம்மாக்கள் கையை அழுத்தினார்கள். தொண்ணூற்றொன்றில் நடந்தது எல்லோர் வயிற்றிலும் இருந்தது.

வீரப்பனின் கோரிக்கைகள் இன்னும் சிக்கலாக்கின. அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும், காவிரி நீர் விட வேண்டும், 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு நிவாரணம் தர வேண்டும், மைசூர்ச் சிறையில் இருக்கும் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கைதிகளை விட வேண்டும். பெங்களூர்த் தமிழர்கள் பல ஆண்டுகளாக மனுக்கொடுத்துக் கேட்ட சில விஷயங்களை ஒரு கொள்ளைக்காரன் துப்பாக்கியைக் காட்டிக் கேட்டான். நியாயமான கோரிக்கைகூட அவன் வாயில் வந்ததால் எங்களுக்கு ஆபத்தானது.

கிருஷ்ணா சென்னை போய்க் கருணாநிதியைச் சந்தித்தார். நக்கீரன் கோபால் காட்டுக்குத் தூது போனார், பின்னால் பழ. நெடுமாறனும் போனார். 108 நாள் கழித்து, நவம்பர் 15-இல் ராஜ்குமார் விடுதலையானார். முதல் சில நாட்கள் கல்வீச்சும் தீவைப்பும் இருந்தன. ஆனால் அந்த 108 நாட்களில் 1991 மறுபடி நடக்கவில்லை. ராஜ்குமார் குடும்பம் ரசிகர்களை அமைதியாக இருக்கச் சொன்னது பெரிய காரணம். இரண்டு முதல்வர்களும் பேச்சை அறுத்துக்கொள்ளாதது இன்னொரு காரணம். தமிழர் பகுதிகளில் போலீஸ் நின்றது மூன்றாவது. அந்தப் போலீஸுக்குப் பொறுப்பு கார்கே. தமிழன், கன்னடன் என்று ஊரைப் பிரிக்கும் ஒரு வார்த்தை அந்த மூன்றரை மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த நேரத்தில் ஓர் உள்துறை அமைச்சர் செய்யக்கூடிய பெரிய காரியம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

பாராட்டு மட்டும் சொன்னால் ஆய்வு ஆகாது. தடா வழக்குகளைத் திரும்பப் பெற அரசு எடுத்த முடிவை, வீரப்பன் கும்பல் கொன்ற ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் தந்தை எதிர்த்து வழக்குப் போட்டார். நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, அரசைக் கடுமையாகக் கண்டித்தது. 2002 ஆகஸ்டில் முன்னாள் அமைச்சர் எச். நாகப்பாவை அதே வீரப்பன் கடத்தினான். டிசம்பரில் காட்டில் பிணம்தான் கிடைத்தது. இரண்டுமே கார்கே உள்துறையில் இருந்த காலத்துக் கணக்கு.

இந்தப் பேச்சு வந்தபோது அதே மாமா சொன்னார்: "நாற்காலியை அவங்களுக்கு வெச்சுக்கிட்டு, போலீஸை இவருக்குக் குடுத்தாங்க தம்பி. எது முள்ளோ அதைக் குடுத்தாங்க." திருவள்ளுவர் சிலை கடைசியில் 2009 ஆகஸ்ட் 9-இல் எடியூரப்பா ஆட்சியில், கருணாநிதி வந்து திறந்தார். அது வேறு கதை.

2004, 2013

2004-இல் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பா.ஜ.க. 79, காங்கிரஸ் 65, மதச்சார்பற்ற ஜனதா தளம் 58. கூட்டணிக்கு ஜனதா தளத் தலைவர் தேவகவுடா ஒத்துக்கொள்ளும் ஆள் வேண்டும். கார்கே பெயர் ஓடியது. மே 28-இல் முதல்வரானவர் தரம் சிங்.

அவர் யார் என்பதுதான் இந்த ஆய்வின் திருப்பமே. தரம் சிங் அதே குல்பர்கா மாவட்டம், ஜேவர்கி தொகுதி. கார்கேயின் நெருங்கிய நண்பர். இருவரையும் லவ-குசர் என்றுதான் அந்தப் பக்கம் கூப்பிடுவார்கள். சாதியில் ராஜபுத்திரர். கர்நாடகத்தில் ராஜபுத்திரர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நம்பர்தான் முதல்வரைத் தீர்மானிக்கிறது என்றால் தரம் சிங் எப்படி முதல்வரானார்? குண்டுராவும் ஹெக்டேவும் பிராமணர்கள். மொய்லி, தேவாடிகா என்ற சிறிய சமூகம். இவர்கள் எல்லோரும் ஆனார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கும் தலித்துகளில் ஒருவர் ஆகவில்லை.

2013-இல் கார்கே டெல்லியில் தொழிலாளர் துறை அமைச்சர். காங்கிரஸ் 122 இடம் ஜெயித்ததும் எம்.எல்.ஏ.க்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. 2006-இல்தான் கட்சிக்குள் வந்த சித்தராமையா ஜெயித்தார். அடுத்த மாதமே கார்கேக்கு ரயில்வே கிடைத்தது. இங்கே எனக்குப் பெரிய வருத்தமில்லை. சித்தராமையாவுக்குத் தனி மக்கள் பலம் இருந்தது. சிறுபான்மையினர், பிற்பட்டோர், தலித்துகள் என்று அஹிந்தா மாநாடுகள் நடத்தி, அதனால் பழைய கட்சியான மதச்சார்பற்ற ஜனதா தளத்தில் துணை முதல்வர் பதவியையே இழந்து, கூட்டத்தோடு வந்தவர் அவர்.

ஏன்?

இரண்டு பெரிய சமூகங்கள் இழுத்துக்கொள்ளும்போது, இருவருக்கும் பயமில்லாத மூன்றாவது ஆளைப் பிடித்துப் போடுவது கர்நாடகக் காங்கிரஸின் பழைய உத்தி. அந்த மூன்றாவது ஆளுக்குப் பின்னால் பெரிய கூட்டம் இருக்கக் கூடாது. தரம் சிங் போனால் ராஜபுத்திர ஆட்சி தொடராது. கார்கே வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் மாநிலம் முழுக்க, ஊர் ஊருக்கு, நிலமில்லாத ஒரு மக்கள் இருக்கிறார்கள். அந்த ஆள் 34 வயதில் வாத்தியார் வேலை கொடுத்த விதமும், அப்புறம் நிலத் தீர்ப்பாயங்களை ஓட்டிய விதமும் பழைய தலைகளுக்குத் தெரியும். எண்ணிக்கை இல்லாததால் அவரை ஒதுக்கினார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. எண்ணிக்கை இருந்ததால்தான் தயங்கினார்கள்.

மற்ற சாதியினர் ஏற்க மாட்டார்கள் என்ற வாதமும் நிற்காது. தனித் தொகுதியில் வேட்பாளர்தான் தலித், வாக்காளர்களில் பெரும்பான்மை மற்றவர்கள். குர்மித்கல்லில் கோலி-கப்பலிகர் சமூகம் பெரியது, லிங்காயத்துகளும் உண்டு. அவர்கள் வாக்கு இல்லாமல் ஒருவர் எட்டு முறை அங்கே ஜெயிக்க முடியாது. 2008 மறுவரையறையில் அது பொதுத் தொகுதியானதும் சித்தாபூருக்கு மாறி ஒன்பதாவது முறையும் ஜெயித்தார்.

அதே நேரம், அந்த 17 சதவீதம் ஒரே கட்டு இல்லை. கார்கே வலங்கைப் பிரிவைச் சேர்ந்தவர். இடங்கைப் பிரிவான மாதிகர்கள், இட ஒதுக்கீட்டின் பலன் வலங்கைக்கே போகிறது என்று உள் ஒதுக்கீடு கேட்டுப் போராடினார்கள். 2005-இல் அதை ஆராயச் சதாசிவா ஆணையம் போட்டு, 2012-இல் அறிக்கை வந்தும், காங்கிரஸ் அமைச்சரவை 2025 ஆகஸ்டில்தான் உள் ஒதுக்கீட்டை முடிவு செய்தது. தமிழ்நாட்டில் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. காங்கிரஸ் இதில் இழுத்தடித்ததில் கார்கேக்கும் பங்கு உண்டு என்று இடங்கைத் தலைவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. 2019-இல் குல்பர்கா நாடாளுமன்றத் தொகுதியில் அவர் வாழ்க்கையின் முதல் தோல்வி வந்தது. தோற்கடித்தவர் உமேஷ் ஜாதவ், லம்பாணி சமூகம். அதுவும் கர்நாடகத்தில் பட்டியல் சாதிதான். வித்தியாசம் 95,452 வாக்குகள்.

அந்தத் தோல்விக்கு வேறொரு காரணமும் இருந்தது, அது அவரே தேடிக்கொண்டது. மகன் பிரியாங்க் 2009 இடைத்தேர்தலில் சித்தாபூரில் தோற்றார், 2013-இல் ஜெயித்தார், 2016-இல் அமைச்சரே ஆனார். மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஜாதவும் முன்னாள் காங்கிரஸ் எம்.எல்.ஏ.தான். மாலிகய்யா குத்தேதார், பாபுராவ் சிஞ்சனசூர் எல்லோரும் கட்சியை விட்டுப் போய் எதிரே நின்று வேலை பார்த்தார்கள். 2024-இல் அதே நாடாளுமன்றத் தொகுதியை மீட்டவர் மருமகன் ராதாகிருஷ்ண தொட்டமணி. குடும்பம் நடத்தும் அறக்கட்டளைக்குப் பெங்களூர் விமான, விண்வெளித் தொழில் பூங்காவில் 5 ஏக்கர் ஒதுக்கியது சர்ச்சையாகி, அதே ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அவரை மதிக்கிறவர்கள்தான் இதை உரக்கச் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டில் வளர்த்த இடத்தில் வேறு வீட்டுப் பிள்ளை ஒருவரை நிறுத்தியிருக்கலாம்.

சொந்த மண்ணின் நிலையும் கேள்விக்குரியது. 2002-இல் நஞ்சுண்டப்பா குழு, மிகவும் பின்தங்கியவை என்று சொன்ன 39 தாலுகாக்களில் 21 குல்பர்கா வட்டாரத்தில் இருந்தன. லவ-குசர் இருவரும் முப்பது ஆண்டு அதிகாரத்தின் பக்கத்தில் இருந்த பிறகு வந்த கணக்கு இது. இதற்கு அவர் கொடுத்த பெரிய பதில் அரசியல் சட்டத்தின் 371-ஜே பிரிவு. பழைய நிஜாம் பகுதியான ஹைதராபாத்-கர்நாடகத்துக்குத் தனி வளர்ச்சி வாரியம், கல்வியிலும் வேலையிலும் உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கீடு. வைஜ்நாத் பாட்டீல் போன்றவர்கள் பல ஆண்டு தெருவில் நின்று கேட்டது, வாஜ்பாய் ஆட்சியில் மறுக்கப்பட்டது. 2012 டிசம்பரில் 98-ஆவது அரசியல் சட்டத் திருத்தமாக நாடாளுமன்றத்தில் நிறைவேறியதில் கார்கேயின் பங்கு பெரிது. கலபுரகியில் (குல்பர்காவின் இன்றைய பெயர்) இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியும் அவர் தொழிலாளர் துறையில் இருந்தபோது வந்ததுதான். ரயில்வேயில் இருந்தபோது அறிவித்த கலபுரகிக் கோட்டம் அறிவிப்போடு நின்றது.

இன்னொன்று. மூன்று முறையும் அவர் கட்சியை உடைக்கவில்லை, எம்.எல்.ஏ.க்களைக் கூட்டி ரிசார்ட்டுக்குப் போகவில்லை. தலித் என்பதற்காக வேண்டாம், மூப்பைப் பார்த்துக் கொடுங்கள் என்று பலமுறை சொன்னார். அவருடைய சுயமரியாதைக்கு அது பொருந்தும். ஆனால் மேலிடம் பயப்படுகிற ஆளுக்குத்தான் முதலில் கொடுக்கும். பொறுத்திருப்பவருக்கு வேறு பதவி வரும்: உள்துறை, மாநிலத் தலைவர், ரயில்வே, மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர். 2022 அக்டோபரில் சசி தரூரை 7,897-க்கு 1,072 என்று வென்று கட்சித் தலைவர் பதவியும் வந்தது. நிஜலிங்கப்பாவுக்குப் பிறகு கர்நாடகத்திலிருந்து அந்தப் பதவிக்குப் போனவர் இவர்.

தமிழ் வாசகர்கள் இதைக் கர்நாடகத்தின் குறையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. 1960-இல் ஆந்திரத்தில் தாமோதரம் சஞ்சீவய்யா 38 வயதில் முதல்வரானார். நாட்டின் முதல் தலித் முதல்வர் அவர். அவரையும் காங்கிரஸ்தான் ஆக்கியது. தலித்துகள் 20 சதவீதம் இருக்கும் தமிழ்நாடு அப்படி ஒருவரை ஆக்கியதில்லை.

கார்கேக்கு அடுத்த வரிசையில் ஜி. பரமேஸ்வராவை வைத்துப் பார்த்தால் இந்த ஆய்வை இன்னும் சோதிக்கலாம். அவர் 2010 முதல் எட்டு ஆண்டு மாநிலத் தலைவர். 2013-இல் கட்சி ஜெயித்தபோது கொரட்டகெரேயில் அவரே தோற்றதால் போட்டியிலிருந்து விழுந்தார். அவர் விஷயத்தில் அந்த ஒரு காரணமாவது காட்ட இருந்தது. 2018-இல் துணை முதல்வரானார், மாநிலத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித். 2023-இல் முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கார்கேயிடம் வந்தபோது, சித்தராமையா முதல்வர், சிவகுமார் ஒருவர் மட்டும் துணை முதல்வர் என்று முடிவானது. பரமேஸ்வராவுக்கு உள்துறை.